கம்ப்யூட்டர் படிச்சுட்டு கவுன்சிலரான க்ஷமா சாவந்த்: ஒம்போதுல ஒரு ஓட்டு

கேள்வி என்னன்னா, ஐடி பக்கம் இருந்து லோக்கல் அரசியலுக்கு வந்து, எம்பி எம்எல்ஏ எல்லாம் இல்லாம வெறும் கவுன்சிலரா இருந்தே பெருசா ஏதாவது பண்ணவங்க யாராவது இருக்காங்களா, அந்த டெக் அறிவு அவங்களுக்கு உதவுச்சா, அப்புறம் கேட்டவர் கடைசில தயங்கித் தயங்கி சேர்த்திருக்குறது, ஐடி வேலையை விட்டுட்டு தானும் இறங்கலாமான்னு. எனக்கு டக்குனு ஞாபகத்துக்கு வர்ற பேரு க்ஷமா சாவந்த், அமெரிக்காவுல சியாட்டில் சிட்டி கவுன்சில்ல 2014ல இருந்து 2023 முடியிற வரைக்கும் பத்து வருஷம் உக்காந்திருந்தவங்க. நான் அந்த ஊருக்கு ஏரி தாண்டி பெல்வ்யூல ரொம்ப வருஷம் குப்பை கொட்டினவன், எச்1பி விசாங்கறதால ஓட்டு கிடையாது, வேடிக்கை பார்க்குற உரிமை மட்டும் தான். ஆனா நல்லா வேடிக்கை பார்த்தேன்.

சாவந்த்னு பேரைப் பார்த்துட்டு எல்லாரும் மராத்தின்னு நினைப்பாங்க. பிறந்தது 1973ல புனேல, வளர்ந்தது மும்பைல, ஆனா குடும்பம் தமிழ் குடும்பம், அப்பா பேரு ராமானுஜம், சிவில் என்ஜினியர். குடிச்சுட்டு வண்டி ஓட்டின ஒருத்தன் மோதி அப்பா இறந்தப்போ இவங்களுக்கு வயசு 13. அம்மா ஸ்கூல் பிரின்சிபாலா இருந்தவங்க. மும்பை யுனிவர்சிட்டில கம்ப்யூட்டர் சயின்ஸ், 1994ல டிகிரி, கல்யாணம், கணவர் மைக்ரோசாஃப்ட் என்ஜினியர், அமெரிக்கா, சாஃப்ட்வேர் வேலை. இது வரைக்கும் படிச்சா நம்ம தெருவுல நாலு வீட்டுக்கு ஒரு வீட்டு கதை தானே இது.

அங்க தான் திரும்புது. இவ்ளோ பணக்கார நாட்டுல ஏன் ஜனங்க ரோட்டுல படுத்து தூங்குறாங்கங்கற கேள்வி மண்டையைக் குடைஞ்சதுன்னு அவங்களே பல தடவை சொல்லியிருக்காங்க. கோடிங்கை விட்டுட்டு நார்த் கரோலினா ஸ்டேட் யுனிவர்சிட்டில எகனாமிக்ஸ்ல பிஎச்டி சேர்ந்தாங்க. 2006ல சியாட்டில் வந்ததும் சோஷலிஸ்ட் ஆல்டர்னேட்டிவ்னு, ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ராட்ஸ்கி வழில போற ஒரு குட்டி இடதுசாரி கட்சில சேர்ந்து, காலேஜ்ல எகனாமிக்ஸ் பாடம் எடுத்துக்கிட்டு, சாயங்காலம் ஆனா கையில நோட்டீஸ். 2010ல தான் குடியுரிமையே கிடைச்சுது. 2011ல பெரும் பணக்காரங்களை எதிர்த்து ஆக்குபை போராட்டம் வந்தப்போ அதுல முழுசா இறங்கினாங்க. 2012ல முதல் தேர்தல், மாநில சட்டசபைக்கு, அதுவும் யாரை எதிர்த்துன்னா சபாநாயகரா இருந்த ஃப்ராங்க் சாப்பை. தோத்தாங்க, ஆனா 29 சதவீதம் பக்கம் வாங்கினாங்க. சோஷலிஸ்ட்னு சொன்னாலே முகத்தை திருப்பிக்கிற நாட்டுல அது சின்ன நம்பர் இல்ல, உள்ளூர்ல கொஞ்சம் பேர் நிமிர்ந்து பார்த்தாங்க.

அடுத்த வருஷமே 2013ல சிட்டி கவுன்சிலுக்கு நின்னாங்க. எதிர்ல ரிச்சர்ட் கான்லின், நாலு தடவை ஜெயிச்சவர், மோசமான ஆள்னு யாரும் சொல்ல மாட்டாங்க, பசுமை, பொதுப் போக்குவரத்துன்னு நல்ல பேரு. எண்ணிக்கை ஆரம்பிச்ச அன்னிக்கு ராத்திரி இவங்க ஏழு பாயிண்டுக்கு மேல பின்னாடி, ஜெயிக்கிறது கஷ்டம்னு தான் எல்லாரும் நினைச்சாங்க. இங்க ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும், வாஷிங்டன் மாநிலத்துல ஓட்டுச்சாவடியே கிடையாது, எல்லாம் தபால் ஓட்டு, தேர்தல் நாள் வரைக்கும் போஸ்ட் பண்ணலாம், இல்ல தெருவுல வச்சிருக்க டிராப் பாக்ஸ்ல போடலாம், எண்ணி முடிக்க ரெண்டு வாரம் ஆகும். வாடகை வீட்டுல இருக்குற இளவட்டங்க எல்லாம் கடைசி நாள் தான் போடுவாங்க, அதனால கடைசில எண்ணுற கட்டு எப்பவும் இடது பக்கம் சாயும். தினமும் சாயங்காலம் புது நம்பர் வரும், தினமும் இடைவெளி குறையும், ஆபீஸ்ல ஸ்கோர் பார்க்குற மாதிரி பார்த்துக்கிட்டு இருந்தோம். கடைசில 3,000 சொச்சம் ஓட்டுல ஜெயிச்சாங்க. 1916ல ஆன்னா லூயிஸ் ஸ்ட்ராங் ஸ்கூல் போர்டுக்கு ஜெயிச்சதுக்கு அப்புறம் சியாட்டில் ஊர் முழுக்க ஓட்டு வாங்கி ஜெயிச்ச முதல் சோஷலிஸ்ட் இவங்க தான்.

இப்போ கேள்விக்கு வர்றேன். கவுன்சில்ல மொத்தம் 9 பேர், மேயர் தனி. அந்த 9ல மிச்ச 8 பேரும் டெமாக்ரட் பக்கத்து ஆளுங்க, இவங்க கட்சிக்கு இவங்க ஒருத்தர் தான். ஒத்த ஓட்டை வச்சுக்கிட்டு ஒருத்தர் என்ன பண்ண முடியும்? நம்ம ஊர் அறிவுப்படி ஒண்ணும் பண்ண முடியாது, ஆளுங்கட்சி பக்கம் சாஞ்சு வார்டுக்கு ரெண்டு லைட் கம்பம் வாங்கிட்டு வரலாம். இவங்க பண்ணது தலைகீழ். உள்ள இருக்குற எட்டு பேர்கிட்ட பேரம் பேசவே மாட்டாங்க, வெளிய போய் கூட்டம் சேர்த்து, ஹால் முழுக்க சிவப்பு பிளக்கார்டோட ஆளை உக்கார வச்சு, "இல்ல"ன்னு சொல்றவன் இவங்க முன்னாடி சொல்லட்டும்னு நிறுத்திருவாங்க. கூட இருந்த கவுன்சிலர்களுக்கு இவங்களைக் கண்டா ஆகவே ஆகாது, அது நியாயம் தான், யாருக்குத் தான் பிடிக்கும். ஆனா வேலை நடந்துச்சு.

15 டாலர் குறைந்தபட்ச கூலி இதுக்கு முதல் உதாரணம். அப்போ மாநிலத்துல மணிக்கு 9.32 டாலர். ஃபாஸ்ட் ஃபுட் கடை பசங்க 2013லயே ஸ்ட்ரைக் பண்ண ஆரம்பிச்சிருந்தாங்க, ஏர்போர்ட் இருக்குற பக்கத்து ஊரு சீடாக்ல அதே நவம்பர்ல ஜனங்களே ஓட்டு போட்டு 15 டாலரை கொண்டு வந்தாங்க, ஜெயிச்சது வெறும் 77 ஓட்டு வித்தியாசத்துல. சாவந்த் சட்டம் எழுதி கொண்டு வந்தாங்கன்னு சொன்னா அது தப்பு, மேயர் எட் மர்ரே முதலாளி, யூனியன்னு எல்லாரையும் உக்கார வச்சு கமிட்டி போட்டு தான் சட்டம் வந்துச்சு, அந்த கமிட்டில இவங்களும் ஒருத்தர். ஆனா வெளிய இவங்க ஆளுங்க "நீங்க பண்ணலைன்னா நாங்க நேரா ஜனங்க ஓட்டுக்கே கொண்டு போயிருவோம்"னு கையெழுத்து வாங்கிட்டு நின்னாங்க, அந்த பயம் இல்லன்னா அந்த கமிட்டி இன்னும் பஜ்ஜி சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கும். 2014 ஜூன் 2ஆம் தேதி 9-0ன்னு பாஸ் ஆச்சு. 2015 ஏப்ரல்ல 11 டாலர்ல ஆரம்பிச்சு படிப்படியா ஏறுச்சு, 500 ஆளுக்கு மேல வச்சிருக்க கம்பெனிக்கு சீக்கிரம், சின்னக் கடைக்கு மெதுவா. இந்த படிப்படி விஷயத்தை இவங்க கடைசி வரைக்கும் எதிர்த்து பேசினாங்க, பேசிட்டு ஓட்டு போட்டாங்க. 2025ல அங்க 20.76 டாலர். 2017ல வாஷிங்டன் யுனிவர்சிட்டி ஆளுங்க, கூலி ஏறுனதால கம்மி சம்பளக்காரங்களுக்கு வேலை நேரம் குறைஞ்சு மொத்த வருமானம் அடி வாங்குச்சுன்னு ஒரு ஆய்வு போட்டாங்க, பெர்க்லி ஆளுங்க அதே சமயத்துல ஹோட்டல் தொழில்ல வேலை எதுவும் போகலன்னு போட்டாங்க, ரெண்டு பக்கமும் அதை வச்சு இன்னிக்கும் சண்டை போடுறாங்க. எனக்கு தெரிஞ்சு சியாட்டில்ல ஹோட்டல் எல்லாம் காலியாகும்னு சொன்னவங்க சொன்ன மாதிரி காலியாகல, விலை ஏறுச்சு, அது உண்மை.

அடுத்தது அமேசான். இதை கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா டெக் பேக்ரவுண்ட் எங்க உதவுச்சுங்கறதுக்கு பதில் இங்க இருக்கு.

அமேசான் சவுத் லேக் யூனியன் பக்கம் ஆபீஸ் கட்டிக் கட்டி 2018ல சியாட்டில்ல மட்டும் 45,000 பேர் வேலை பார்த்தாங்க. நம்மளும் அதுல கணிசம். சம்பளம் ஏற ஏற வாடகை ஏறுச்சு, காபி கடைல வேலை பார்க்குறவங்க முதல்ல ரூம்மேட் சேர்த்தாங்க, அப்புறம் தெற்கே கென்ட், ரென்டன்னு தள்ளிப் போனாங்க, சிலர் கூடாரத்துக்கே போயிட்டாங்க. 2015லயே மேயர் வீடில்லாதவங்க பிரச்சனைக்கு அவசரநிலை அறிவிச்சாச்சு. காசு வேணும், ஆனா வாஷிங்டன் மாநிலத்துல அப்போ சம்பளத்துக்கு இன்கம் டாக்ஸே கிடையாது, அதனால நகராட்சி பெரும்பாலும் கடைல விக்கிற பொருள் மேலயும் வீட்டு மேலயும் போடுற வரியை தான் நம்பி இருந்துச்சு, அதாவது கடைல ஏழையும் அதே பத்து சதவீதம் கட்டுவான், அமேசான் முதலாளி பெசோஸும் அதே பத்து சதவீதம் கட்டுவார். 2017ல இவங்களும் இன்னொரு கவுன்சிலரும் சேர்ந்து பெரிய வருமானக்காரங்க மேல 2.25 சதவீதம் வரி கொண்டு வந்தாங்க, கோர்ட் அடிச்சு போட்டுருச்சு.

அப்புறம் வந்தது தான் தலைக்கு இவ்ளோன்னு வரி, ஹெட் டாக்ஸ். வருஷத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல வரவு இருக்குற கம்பெனி, ஊழியர் ஒருத்தருக்கு வருஷம் 500 டாலர்னு ஆரம்பிச்சாங்க. அமேசான் "நாங்க கட்டப் போற டவரோட வேலையை நிறுத்தி வைக்கிறோம்"னு ஒரு வார்த்தை சொன்னுச்சு, உடனே ஊரே ஆடிப் போச்சு. சாவந்த் அமேசானோட அந்த கண்ணாடி உருண்டை கட்டடங்க முன்னாடி கூட்டம் போட்டப்போ, கட்டட வேலை பார்க்குற இரும்பு தொழிலாளிங்களே வந்து "ஹெட் டாக்ஸ் வேணாம்"னு கத்தி இவங்களை பேச விடல. தொழிலாளி கட்சித் தலைவியை தொழிலாளியே கத்தி விரட்டுற காட்சி, டிவில திரும்பத் திரும்ப போட்டாங்க. 500ஐ 275 ஆக்கி 2018 மே மாசம் 9-0ன்னு பாஸ் பண்ணாங்க. ஒரு மாசம் கூட ஆகல, அமேசான், ஸ்டார்பக்ஸ் எல்லாம் காசு போட்டு வரியை ஒழிக்க கையெழுத்து இயக்கம் நடத்த, ஜூன் 12ஆம் தேதி அதே கவுன்சில் 7-2ன்னு அந்த வரியை ரத்து பண்ணுச்சு. அந்த ரெண்டுல ஒண்ணு சாவந்த், இன்னொண்ணு தெரேசா மோஸ்கேடா.

கோடிங் தெரிஞ்சதால இவங்க கார்ப்பரேஷனுக்கு ஆப் பண்ணிக் கொடுக்கல, ஸ்மார்ட் சிட்டின்னு ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்ல. ஆனா டெக் கம்பெனி டவரை நிறுத்துறேன்னு மிரட்டுறப்போ அது எவ்ளோ தூரம் நிஜம்னு இவங்களுக்கு ஒரு கணிப்பு இருந்துச்சு, அங்க 45,000 பேர் உக்காந்திருக்க ஊரை விட்டு ராத்திரியோட ராத்திரியா மூட்டை கட்ட முடியாதுன்னு தெரியும். மத்த கவுன்சிலர்ங்க நிஜமாவே பயந்தாங்க. அந்த உலகத்துக்குள்ள இருந்து வந்தவங்க பயப்படல, அவ்ளோ தான் வித்தியாசம்னு நான் நினைக்கிறேன்.

2019ல திரும்ப தேர்தல். அதுக்குள்ள வார்டு முறை வந்திருச்சு, இவங்களோடது டிஸ்ட்ரிக்ட் 3, கேப்பிடல் ஹில், சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட் ஏரியா, 2015ல அங்க சுலபமா ஜெயிச்சிருந்தாங்க. இந்த தடவை அமேசான் வர்த்தக சபையோட தேர்தல் கமிட்டிக்கு மொத்தம் 15 லட்சம் டாலர் கொடுத்துச்சு. கவுன்சில் தேர்தலுக்குங்க! வீட்டுக்கு வீடு கலர் நோட்டீஸ். பெர்னி சாண்டர்ஸ், எலிசபெத் வாரன் மாதிரி பெரிய செனட்டர்ங்க எல்லாம் இதைக் கண்டிச்சாங்க, உள்ளூர் ஆளுங்களுக்கும் ரோஷம் வந்துருச்சு. முதல் நாள் ராத்திரி இவங்க எட்டு பாயிண்ட் பின்னாடி, எதிராளி ஈகன் ஓரியன் ஆளுங்க கொண்டாட ஆரம்பிச்சுட்டாங்க, அப்புறம் அந்த கடைசி நாள் ஓட்டுங்க வந்துச்சு, ஜெயிச்சது 52 சதவீதம் பக்கம்.

அடுத்த வருஷம் 2020ல, திரும்பவும் "டாக்ஸ் அமேசான்"னு கையெழுத்து வாங்கிட்டு தெருவுல நின்னாங்க, வருஷம் 50 கோடி டாலர் வேணும்னு. கவுன்சில் ஜூலைல 7-2ன்னு வேற ஒரு வரியை பாஸ் பண்ணுச்சு, ஜம்ப்ஸ்டார்ட்னு பேரு, எழுதினது மோஸ்கேடா. மொத்த சம்பளப் பட்டுவாடா 70 லட்சம் டாலருக்கு மேல இருக்குற கம்பெனி, ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல வாங்குற ஊழியர் சம்பளத்துக்கு மட்டும் 0.7ல இருந்து 2.4 சதவீதம் வரைக்கும். வருஷத்துக்கு 20 கோடி டாலருக்கு மேல வருது. 2018ல 5 கோடி கூட வராத வரிக்கு குலைநடுங்கின ஊரு, ரெண்டே வருஷத்துல நாலு மடங்கு வரியை போட்டுச்சு, டவர் எதுவும் கீழ விழல. பேரு மோஸ்கேடாவுக்கு, சத்தம் சாவந்துக்கு.

கெட்ட பக்கத்தையும் சொல்லணும், இல்லன்னா இது பிட் நோட்டீஸ் ஆயிரும். ஜார்ஜ் ஃப்ளாய்ட்ங்கற கறுப்பினத்தவரை போலீஸ் கொன்னதுக்கு அப்புறம் 2020 ஜூன்ல, கோவிட்னு பூட்டி வச்சிருந்த சிட்டி ஹாலை ராத்திரில இவங்க சாவியால திறந்து நூத்துக்கணக்கான போராட்டக்காரங்களை உள்ள விட்டாங்க. மேயர் ஜென்னி டர்கன் வீட்டுக்கு போன ஊர்வலத்துல போய் பேசினாங்க, டர்கன் முன்னாடி ஃபெடரல் பிராசிக்யூட்டரா இருந்ததால அந்த வீட்டு அட்ரஸ் பாதுகாப்பு காரணமா ரகசியமா இருந்துச்சு. கவுன்சில் ஆபீஸ் காசையும் ஆளையும் டாக்ஸ் அமேசான் இயக்கத்துக்கு உபயோகிச்சதுக்கு அபராதம் கட்டினாங்க. இதெல்லாம் சேர்த்து பதவியை பறிக்கணும்னு ரீகால் மனு, மாநில சுப்ரீம் கோர்ட் ஓகே சொல்லி 2021 டிசம்பர் 7ல ஓட்டெடுப்பு. கதை அதே தான், முதல் நாள் பின்னாடி, கடைசில 40,000 சொச்சம் ஓட்டுல 310 ஓட்டு வித்தியாசத்துல தப்பிச்சாங்க. சிட்டி ஹால் விஷயத்துல எனக்கு இவங்க மேல கோபம் தான், அது உங்க கட்சி ஆபீஸ் இல்லையே, பூட்டின கட்டடம் எல்லாருக்கும் பூட்டினது. ஆனா சம்பள விஷயத்துல ஒரு குறை சொல்ல முடியாது, லட்சம் டாலருக்கு மேல வர்ற கவுன்சிலர் சம்பளத்துல வருஷம் 40,000 மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்தை போராட்ட நிதிக்கு கொடுத்துட்டாங்க, பத்து வருஷமும்.

நம்ம ஆளுங்களை நேரா தொட்டது சாதி பாகுபாட்டுக்கு எதிரான சட்டம். 2020ல சிஸ்கோல ஒரு தலித் என்ஜினியருக்கு சாதி பார்த்து பாகுபாடு நடந்துச்சுன்னு கலிஃபோர்னியா அரசாங்கமே கேஸ் போட்டப்போ எங்க ஆபீஸ் கேன்டீன்ல யாரும் வாயே திறக்கல. 2022ல கூகுள்ல தலித் உரிமைக்காகப் போராடுற தேன்மொழி சௌந்தரராஜன் சாதியைப் பத்தி பேச இருந்த கூட்டம் எதிர்ப்பு கிளம்பி ரத்தாச்சு, அப்பவும் அமைதி. முதுகுல தட்டி பூணூல் இருக்கான்னு பார்க்குறது, சைவமான்னு கேட்டு ஊரை கணிக்கிறது, "உங்க சொந்த ஊர் எது, அதுல எந்தத் தெரு"ன்னு நூல் விடுறது, இதெல்லாம் வெள்ளைக்கார எச்ஆருக்கு எழுதிக் கொடுத்தாலும் புரியாது. சாவந்துக்கு விளக்க வேண்டிய அவசியமே இல்ல, தமிழ் பிராமணக் குடும்பத்துல பிறந்து இதை வீட்டுக்குள்ள இருந்தே பார்த்தவங்க, அதை அவங்களே வெளிப்படையா சொன்னாங்க. இன்னொரு பக்கம் இந்து அமைப்புகள், இது எங்க சமூகத்தை மட்டும் குற்றவாளி கூண்டுல ஏத்துதுன்னு எதிர்த்தாங்க. 2023 பிப்ரவரி 21ஆம் தேதி, ஆன்லைன்ல பேசணும்னு மட்டும் 300 பேருக்கு மேல பதிவு பண்ணாங்க, நேர்ல பேச வந்தவங்க விடிகாலை குளிர்ல சிட்டி ஹால் வாசல்ல லைன் கட்டி நின்னாங்க. 6-1ன்னு பாஸ் ஆச்சு. இனம், மதம், பாலினம் வரிசைல சாதியையும் சேர்த்த முதல் அமெரிக்க நகரம் சியாட்டில். எதிர்த்து போட்ட சாரா நெல்சன், பிரச்சனை இருக்குன்னு காட்ட தரவு எங்கன்னு கேட்டாங்க. தரவு எப்படி இருக்கும், கேட்டா யார் கையைத் தூக்குவா? அதே வருஷம் கலிஃபோர்னியாவுல மாநிலம் முழுக்க இதே மாதிரி மசோதா சபைல பாஸ் ஆகியும் கவர்னர் நியூசம் வீட்டோ பண்ணிட்டார்.

அதுக்கு முன்னாடியே, ஜனவரில, திரும்ப நிக்கலன்னு அறிவிச்சுட்டாங்க. வெளிய போறப்போ கவுன்சில்லயே சீனியர் இவங்க தான், அதாவது முதல்ல இவங்க கூட உக்காந்திருந்த எட்டு பேரும் இவங்களுக்கு முன்னாடியே போயிட்டாங்க. 2020ல இந்தியாவோட குடியுரிமை திருத்தச் சட்டத்தை கண்டிச்சு கவுன்சில்ல தீர்மானம் கொண்டு வந்தவங்கங்கறதால இந்தியாவுக்கு வர விசா கிடைக்கலன்னு அவங்க குற்றச்சாட்டு, பெங்களூர்ல உடம்பு முடியாம இருக்குற அம்மாவைப் பார்க்க திரும்பத் திரும்ப கேட்டும் மறுத்தாங்கன்னு 2025 பிப்ரவரில சியாட்டில்ல இருக்க இந்திய துணைத் தூதரகத்துல போய் உக்காந்துட்டாங்க.

ஐடி வேலையை விட்டுட்டு இறங்கலாமான்னு கேட்டீங்கல்ல. கணக்கை மட்டும் பாருங்க, 2006ல ஊருக்கு வந்து, முதல் தேர்தல் 2012, நடுவுல ஆறு வருஷம் நோட்டீஸ் கொடுத்தது, கூட்டம் போட்டது, கையெழுத்து வாங்கினது தான் வேலை, சோத்துக்கு காலேஜ்ல பாடம். லேப்டாப்பை ஒப்படைச்சுட்டு அடுத்த மாசம் வேட்புமனு போட்ட கதை இல்ல இது. அந்த ஆறு வருஷத்துக்கு வீட்டு ஈஎம்ஐ யார் கட்டுவாங்கன்னு முதல்ல வீட்டுல பேசிருங்க.

2025 ஜூன்ல இவங்க அடுத்த ஆட்டத்தை ஆரம்பிச்சாச்சு, 2026ல அமெரிக்க காங்கிரஸுக்கு, 9வது தொகுதில, ரொம்ப வருஷமா எம்பியா இருக்குற ஆடம் ஸ்மித்தை எதிர்த்து. பெல்வ்யூவும் அந்த தொகுதில தான் வருது. என் பழைய ரூம்மேட் இன்னும் அங்க தான் இருக்கான், இப்போ சிட்டிசன். யாருக்குடா போடுவேன்னு கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டான். ஆனா எப்போ போடுவான்னு எனக்கு தெரியும், டிராப் பாக்ஸை எட்டு மணிக்கு பூட்டுவாங்க, இவன் ஏழே முக்காலுக்கு தான் வீட்டுல இருந்து கிளம்புவான்.